எதிர்க்கட்சியில் ஒரு சாசனம், ஆளுங்கட்சியில் வேறொரு சாசனமா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க அரசியல் சாசனத்தில் எழுதியிருப்பதைத் தாண்டி மத்திய அரசு எதுவும் செய்யக் கூடாது என்று ஜெஃபர்சனும் மேடிசனும் கட்சி கட்டினார்கள். பிறகு ஜெஃபர்சன் ஜனாதிபதியாகி, சாசனம் ஒரு வார்த்தைகூடப் பேசாத லூசியானா கொள்முதலைச் செய்தார், அதாவது பிரான்ஸிடமிருந்து லூசியானா நிலப்பகுதியை வாங்கினார். மேடிசன் ஜனாதிபதியாகி, தாமே எதிர்த்த தேசிய வங்கி மாதிரி ஒன்றுக்குக் கையெழுத்துப் போட்டார். "மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பதுதானே இது?" என்று கேட்கிறீர்கள். உண்மையில் நீங்கள் தெரிந்துகொள்ள விரும்புவது, சாசனம் பற்றிய அந்தப் பெரிய பெரிய வாதங்களுக்கு அவற்றுக்கென்று ஏதாவது எடை இருந்ததா, அல்லது கட்சி நலனுக்குப் போர்த்திய சால்வைதானா என்பது. நான் வழக்கறிஞர் அல்ல, கல்லூரியில் அமெரிக்க வரலாற்றுத் தாளை நடத்தியவன். அதனால் இன்றைய அமெரிக்க நீதிமன்றத்தில் எது செல்லும் என்ற பக்கம் போகாமல், 1787இலிருந்து 1830கள் வரை நடந்ததை வைத்து மட்டும் பதில் சொல்கிறேன்.

என் கருத்து இதுதான்: உங்கள் குற்றச்சாட்டில் பாதி சரி. ஆனால் எந்தப் பாதி என்பதில் நாம் வேறுபடுவோம். எல்லாரும் மேடிசனின் வங்கியைத்தான் மோசமான பல்டி என்பார்கள். எனக்கு ஜெஃபர்சனின் லூசியானாதான் நியாயப்படுத்தக் கடினமாகப் படுகிறது. மேடிசனிடம் ஒரு கணக்கு இருந்தது. அப்புறம், ஹாமில்டன் தலைமையிலான எதிரணியான ஃபெடரலிஸ்ட்டுகளை நீங்கள் சும்மா விட்டுவிட்டீர்கள். அவர்கள் அடித்த பல்டியும் சின்னதல்ல.

ஆரம்பத்திலிருந்தே வருகிறேன். 1787இல் ஃபிலடெல்ஃபியாவில் சாசனம் எழுதியவர்கள் கட்சிகளை எதிர்பார்க்கவில்லை. சாசனத்தில் கட்சி என்ற பேச்சே கிடையாது. மாநிலங்கள் அதை ஏற்க வேண்டும் என்று நியூயார்க் பத்திரிகைகளில் 'பப்ளியஸ்' என்ற புனைபெயரில் 85 கட்டுரைகள் வந்தன. பெரும்பாலானவற்றை எழுதியவர்கள் ஹாமில்டனும் மேடிசனும்தான், சிலவற்றை ஜான் ஜே எழுதினார். நான்கே ஆண்டுகளில் எதிரெதிர் அணித் தலைவர்களாகப் போகிற இருவரும் அன்று ஒரே பெயரில் எழுதினார்கள். அவற்றில் 44ஆம் கட்டுரை மேடிசனுடையது. ஒரு நோக்கத்தை நிறைவேற்றச் சொன்னால் அதற்கான வழிகளுக்கும் அனுமதி கொடுத்ததாகத்தான் அர்த்தம், இதைவிடத் தெளிவான விதி சட்டத்திலோ அறிவிலோ இல்லை என்கிறார் அதில். 1789 ஆகஸ்டில் பத்தாவது திருத்தமாகப் பின்னர் வந்த வாசகத்தை விவாதிக்கும்போது, மத்திய அரசுக்கு 'வெளிப்படையாக' தரப்பட்ட அதிகாரங்கள் மட்டுமே உண்டு என்று ஒரு சொல்லைச் சேர்க்கலாம் என ஓர் உறுப்பினர் கேட்டார். அதை எதிர்த்தவரும் மேடிசன்தான். வெளிப்படையான அதிகாரங்களுக்குள் மட்டும் ஓர் அரசை அடைத்து வைக்க முடியாது, சொல்லாமலே அடங்கும் அதிகாரங்கள் இருந்தே தீரும் என்றார். உங்கள் தரப்புக்கு இது நல்ல ஆயுதம். இரண்டு ஆண்டு கழித்து வங்கியை எதிர்த்தவர் இதே ஆள்.

வங்கி விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும், பின்னால் வரும் எல்லாச் சண்டைக்கும் அதுதான் வேர். 1790 டிசம்பரில் கருவூலச் செயலர் ஹாமில்டன் ஒரு தேசிய வங்கித் திட்டத்தை அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸிடம் வைத்தார். மூலதனம் ஒரு கோடி டாலர், அதில் 20 லட்சம் அரசின் பங்கு, 20 ஆண்டு உரிமம். சாசனத்தில் வரி போடலாம், கடன் வாங்கலாம், வணிகத்தை ஒழுங்குபடுத்தலாம் என்றெல்லாம் இருக்கிறது. நிறுவனங்களுக்கு உரிமம் கொடுக்கலாம் என்று இல்லை. ஆனால் அதிகாரப் பட்டியலின் கடைசியில், இவற்றை நிறைவேற்ற 'தேவையான, பொருத்தமான' சட்டங்கள் இயற்றலாம் என்று ஒரு வரி உண்டு. அந்த வரி எவ்வளவு தூரம் நீளும்? 1791 பிப்ரவரி 2 அன்று மேடிசன் பிரதிநிதிகள் சபையில் பேசும்போது ஒரு தகவலைப் போட்டு உடைத்தார்: உரிமம் கொடுக்கும் அதிகாரத்தைச் சாசன மாநாட்டிலேயே கேட்டுப் பார்த்தோம், நிராகரித்துவிட்டார்கள் என்றார். அது உண்மை. அந்த யோசனையை 1787 செப்டம்பரில் முன்வைத்தவர்களில் ஒருவர் அவரேதான். மாநாட்டு நடவடிக்கைகள் ரகசியம் என்பதால் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலருக்கு இது செய்தி. இருந்தும் மசோதா 39க்கு 20 என்று நிறைவேறியது. எதிர்த்தவர்களில் ஏறக்குறைய எல்லாரும் மேரிலாந்தும் அதற்குத் தெற்கேயுள்ள மாநிலங்களும் அனுப்பியவர்கள்.

வாஷிங்டனுக்குக் குழப்பம். அட்டர்னி ஜெனரல் ராண்டால்ஃபையும் வெளியுறவுச் செயலர் ஜெஃபர்சனையும் எழுத்தில் கருத்துக் கேட்டார். இருவரும் செல்லாது என்றார்கள். அவற்றை ஹாமில்டனிடம் கொடுத்துப் பதில் கேட்டார். ஜெஃபர்சனின் வாதம் சுருக்கம்: 'தேவை' என்றால் அது இல்லாமல் காரியமே நடக்காது என்று அர்த்தம், வசதியாக இருக்கும் என்பதெல்லாம் தேவை ஆகாது. வசதி போதும் என்று விட்டால் எந்த அதிகாரத்தையும் அதற்குள் நுழைத்துவிடலாம். பிப்ரவரி 23 அன்று வந்த ஹாமில்டனின் பதில் அதைவிடப் பல மடங்கு நீளம். பேச்சு வழக்கில் 'தேவை' என்பதற்குப் பயனுள்ள, துணைசெய்கிற என்ற பொருளும் உண்டு. நோக்கம் சாசனத்துக்குள் இருந்து, வழி அதற்கு இயல்பாகப் பொருந்தி, சாசனம் அதைத் தடுக்காமலும் இருந்தால் அது செல்லும் என்றார். இரண்டு நாளில் வாஷிங்டன் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஜெஃபர்சனின் குறிப்பின் கடைசிப் பத்தியைப் பலரும் படிப்பதில்லை. உங்கள் மனம் இரண்டு பக்கமும் சமமாக ஆடினால், சட்டமன்றத்துக்கு மரியாதை கொடுத்துக் கையெழுத்துப் போட்டுவிடுங்கள் என்று அதில் சொல்கிறார். நாம் நினைக்கிற இரும்பு ஜெஃபர்சன் அன்றைக்கே இல்லை.

சரி, 1789க்கும் 1791க்கும் நடுவில் மேடிசனுக்கு என்ன ஆயிற்று? இங்கேதான் உறுதியானதையும் ஊகத்தையும் பிரித்துப் பார்க்க வேண்டும். ஆவணத்தில் இருப்பது இவ்வளவு: 1790இல் ஹாமில்டனின் கடன் திட்டத்திலேயே இருவரும் மோதிவிட்டார்கள். பழைய போர்க்கடன் பத்திரங்களைச் சிப்பாய்களிடமிருந்து மலிவாக வாங்கிக் குவித்தவர்களுக்கு முழுத் தொகையும் போவது மேடிசனுக்குப் பிடிக்கவில்லை. அவருடைய வர்ஜீனியாவிலும் எதிர்ப்பு பலமாக இருந்தது. ஃபிலடெல்ஃபியாவில் வங்கி வேர்விட்டால் தலைநகரம் தெற்கே பொட்டோமாக் நதிக்கரைக்கு வராமலே போய்விடும் என்ற பயமும் காரணம் என்று சில வரலாற்றாசிரியர்கள் வாதிடுகிறார்கள். அந்தப் பயம் தெற்கத்திக்காரர்களிடம் இருந்தது நிஜம். மேடிசனின் சாசன வாதம் அதிலிருந்து பிறந்ததா என்பது ஊகம்தான். அவரே கடைசிக் காலத்தில், தாம் ஹாமில்டனை விட்டு விலகவில்லை, அவர்தான் தம்மை விட்டு விலகினார் என்ற பொருளில் சொன்னதாக அவருடைய நண்பர் நிக்கோலஸ் ட்ரிஸ்ட் எழுதி வைத்திருக்கிறார். நாற்பது ஆண்டுக்கு அப்பால் இன்னொருவர் எழுதிய நினைவு என்பதால் அதற்கு நான் பாதி மதிப்பெண்தான் கொடுப்பேன்.

அதன் பிறகு கட்சிகள் வேகமாக உருவாயின. ஜெஃபர்சன் பக்கத்துக்கு 1791 அக்டோபரிலேயே ஒரு பத்திரிகை வந்துவிட்டது. அதை நடத்திய ஃபிலிப் ஃப்ரெனோவுக்கு வெளியுறவுத் துறையில் மொழிபெயர்ப்பாளர் வேலை கொடுத்துச் சம்பளமும் போட்டுக் கொடுத்தவர் ஜெஃபர்சன். ஹாமில்டன் அதைச் சும்மா விடவில்லை, புனைபெயரில் கிழித்து எழுதினார். ஜெஃபர்சன் அணி தன்னைக் குடியரசுக் கட்சி என்று அழைத்துக்கொண்டது. 1854இல் பிறந்த இன்றைய குடியரசுக் கட்சியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பாடப்புத்தகங்கள் ஜனநாயகக் குடியரசுக் கட்சி என்று சொல்வது இதைத்தான்.

1796இல் நடந்த ஒரு சண்டை உங்கள் கேள்விக்கு நேரடியாகப் பொருந்தும். பிரிட்டனோடு ஜான் ஜே செய்த ஒப்பந்தத்தின் ஆவணங்களைப் பிரதிநிதிகள் சபை கேட்டது. வாஷிங்டன் மறுத்தார். சாசன மாநாட்டின் குறிப்பேடு தம்மிடம் இருந்ததால் அதையே சான்றாகக் காட்டினார். அதற்கு மேடிசன் சொன்ன பதில் பிரபலமானது: மாநாட்டில் கூடியவர்கள் வெறும் வரைவு எழுதியவர்கள், சாசனத்துக்கு உயிர் கொடுத்தவை மாநிலங்களில் கூடிய ஒப்புதல் மாநாடுகள், பொருளை அங்கே தேடுங்கள் என்றார். நல்ல கோட்பாடுதான். ஆனால் ஐந்து ஆண்டுக்கு முன் வங்கி விவாதத்தில் அதே மாநாட்டை இழுத்தவர் இவர். இந்த இடத்தில் உங்கள் குற்றச்சாட்டை நான் மறுக்க மாட்டேன்.

ஃபெடரலிஸ்ட்டுகள் பக்கம் வருவோம். 1788இல் சாசனத்தில் உரிமைகள் பட்டியல் எதற்கு என்று வாதிட்டபோது ஹாமில்டன் பப்ளியஸ் 84ஆம் கட்டுரையில் கேட்டார்: பத்திரிகைச் சுதந்திரத்தைக் கட்டுப்படுத்தும் அதிகாரமே மத்திய அரசுக்குக் கொடுக்கப்படாதபோது, கட்டுப்படுத்தக் கூடாது என்று ஏன் எழுத வேண்டும்? பத்தே ஆண்டு கழித்து, 1798இல், அவருடைய கட்சி ராஜதுரோகச் சட்டத்தை நிறைவேற்றியது. அரசையோ காங்கிரஸையோ ஜனாதிபதியையோ பொய்யாகவும் கெட்ட எண்ணத்தோடும் எழுதினால் இரண்டு ஆண்டு வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். துணை ஜனாதிபதியை எப்படி வேண்டுமானாலும் திட்டலாம், அவருக்குப் பாதுகாப்பு இல்லை. அப்போது துணை ஜனாதிபதி ஜெஃபர்சன் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சட்டம் 1801 மார்ச் 3 அன்று, அதாவது அந்த ஆட்சியின் கடைசி நாளோடு, தானாகவே காலாவதியாகும்படி எழுதப்பட்டிருந்தது. அடுத்து வேறு கட்சி வந்தால் அதன் கையில் இது கிடைத்துவிடக் கூடாதே! வெர்மான்ட் மாநில காங்கிரஸ் உறுப்பினர் மாத்யூ லயன் இந்தச் சட்டத்தில் நான்கு மாதம் சிறைக்குப் போனார், சிறையில் இருந்தபடியே மறுபடி ஜெயித்தார்.

இதற்கு எதிராகத்தான் கென்டக்கி, வர்ஜீனியா தீர்மானங்கள் வந்தன. முதலாவதை ஜெஃபர்சன் ரகசியமாக எழுதிக் கொடுத்தார், இரண்டாவதை மேடிசன். இந்த இடத்தில் வாதம் மாறிவிட்டதைக் கவனியுங்கள். சாசனத்தை இறுக்கமாகப் படிப்பதா, தளர்வாகப் படிப்பதா என்பது இப்போது இரண்டாவது கேள்வி. படிப்பில் தகராறு வந்தால் யார் சொல்வது முடிவு என்பது முதல் கேள்வியாகிவிட்டது. மத்திய அரசே தன் அதிகாரத்துக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது, மாநிலங்களுக்கும் அதில் பேச்சு உண்டு என்றன தீர்மானங்கள். வடக்கு மாநிலங்கள் பல இதை நிராகரித்தன, அது நீதிமன்றத்தின் வேலை என்றும் சில சொல்லின. அன்றைய கட்சிகளின் வேறுபாட்டை 'இறுக்கம், தளர்வு' என்ற இரண்டு சொற்களில் அடைப்பதால்தான் ஆட்சி மாறியதும் எல்லாரும் பல்டி அடித்ததாகத் தெரிகிறது என்பது என் எண்ணம். யார் முடிவு செய்வது என்ற கேள்வியில் மேடிசன் அவ்வளவாக ஆடவில்லை.

இப்போது லூசியானா. 1803 ஏப்ரல் 30 தேதியிட்ட ஒப்பந்தம். ஒன்றரைக் கோடி டாலர், நாட்டின் பரப்பு ஏறக்குறைய இரட்டிப்பு. ஜெஃபர்சனுக்குச் சாசனச் சிக்கல் தெரியாமல் இல்லை. வெளிநாட்டு நிலத்தை வாங்கி ஒன்றியத்தில் சேர்க்கச் சாசனம் இடம் தரவில்லை என்று நம்பினார், திருத்தத்துக்கான வரைவுகளையும் தம் கையால் எழுதினார். அவருடைய கருவூலச் செயலர் கேலட்டினோ, ஒரு தேசம் என்றாலே நிலம் பெறும் உரிமை அதற்கு உண்டு, ஒப்பந்த அதிகாரம் போதும் என்று முன்பே சொல்லியிருந்தார். அது அப்பட்டமான ஹாமில்டன் பாணி வாதம். ஆகஸ்டில் நெப்போலியன் மனம் மாறக்கூடும் என்று பாரிஸிலிருந்து எச்சரிக்கை வந்தது. ஒப்புதலுக்கு ஆறே மாதக் கெடு. உடனே ஜெஃபர்சன் நண்பர்களுக்கு எழுதினார்: சாசனச் சிக்கலைப் பற்றி எவ்வளவு குறைவாகப் பேசுகிறோமோ அவ்வளவு நல்லது. அடுத்த மாதம், செப்டம்பரில், செனட்டர் நிக்கோலஸுக்கு எழுதிய கடிதத்தில், எழுதப்பட்ட சாசனம்தான் நமக்குப் பாதுகாப்பு, வியாக்கியானம் செய்து செய்து அதை வெற்றுக் காகிதமாக்கிவிட வேண்டாம் என்று மன்றாடுகிறார். ஆனால் நண்பர்கள் வேறு மாதிரி நினைத்தால் தாம் ஒத்துக்கொள்வதாகவும் அதே கடிதத்தில் முடிக்கிறார். அக்டோபர் 20 அன்று செனட் 24க்கு 7 என்று ஒப்புதல் தந்தது. திருத்தம் வரவே இல்லை.

நிலத்தை வாங்கியதைக்கூட நான் பெரிதாகச் சொல்ல மாட்டேன். அதன் பின் அந்த மாத இறுதியில் வந்த சட்டம், அந்தப் பகுதியின் ராணுவ, சிவில், நீதி அதிகாரங்கள் மொத்தத்தையும் தற்காலிகமாக ஜனாதிபதி நியமிக்கும் ஆட்கள் கையில் கொடுத்தது. மன்னராட்சி வருகிறது என்று பத்து ஆண்டாகக் கூக்குரலிட்ட கட்சி இதைச் செய்தது. எதிர்த் தரப்பில் பிக்கரிங், கிரிஸ்வோல்ட் போன்ற ஃபெடரலிஸ்ட்டுகள் திடீரென்று இறுக்கமான வாசிப்புக்கு மாறி, மூல மாநிலங்கள் அனைத்தின் சம்மதமும் இல்லாமல் புது மாநிலம் சேர்க்கச் சாசனத்தில் எங்கே இடம் என்று கேட்டார்கள். நியூ இங்கிலாந்தின் செல்வாக்கு மேற்கில் கரைந்துவிடும் என்பதுதான் அவர்கள் பயம். 1807இல் ஜெஃபர்சன் எல்லா வெளிநாட்டு வணிகக் கப்பல் போக்குவரத்தையும் தடை செய்தபோது இது இன்னும் அப்பட்டமானது. வணிகத்தை ஒழுங்குபடுத்தும் அதிகாரத்தில் வணிகத்தையே நிறுத்துவது அடங்குமா என்று ஃபெடரலிஸ்ட் வழக்கறிஞர்கள் வாதாடினார்கள். 1814 டிசம்பரில் ஹார்ட்ஃபோர்டில் கூடியபோது அவர்கள் பேசியது கிட்டத்தட்ட மேடிசனின் 1798 தீர்மானத்தின் மொழி, அதுவும் மேடிசன் ஜனாதிபதியாக இருக்கும்போதே.

மேடிசனின் வங்கியை ஏன் வேறு மாதிரி பார்க்கிறேன் என்று சொல்கிறேன். 1811இல் பழைய வங்கியின் உரிமத்தைப் புதுப்பிக்கும் மசோதா செனட்டில் 17க்கு 17 என்று நின்று, துணை ஜனாதிபதி ஜார்ஜ் கிளின்டனின் வாக்கால் செத்தது. மறு ஆண்டே பிரிட்டனோடு போர். வங்கி இல்லாமல் அரசு கடன் வாங்கப் பட்ட பாடு எல்லாருக்கும் பாடமாயிற்று. 1815 ஜனவரியில் ஒரு வங்கி மசோதாவை மேடிசன் வீட்டோ செய்தார், ஆனால் சாசனக் காரணத்துக்காக அல்ல. அந்தக் கேள்வி இனி இல்லை என்றார். சட்டமன்றம், நிர்வாகம், நீதிமன்றம் மூன்றும் பல முறை வங்கியை ஏற்றுவிட்டன, மக்களும் இருபது ஆண்டு அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்பது காரணம். 1816 ஏப்ரலில் மூன்றரைக் கோடி டாலர் மூலதனத்தில் இரண்டாம் வங்கிக்குக் கையெழுத்திட்டார். இது வசதிக்குக் கண்டுபிடித்த சமாதானம் போலத் தோன்றலாம். ஆனால் 1788இலேயே பப்ளியஸ் 37ஆம் கட்டுரையில், எவ்வளவு கவனமாக எழுதினாலும் புதுச் சட்டங்கள் தெளிவில்லாமல்தான் இருக்கும், தொடர்ந்த விவாதங்களும் தீர்ப்புகளும்தான் அவற்றின் பொருளை நிலைப்படுத்தும் என்று எழுதியிருக்கிறார். ஆட்சிக்கு வருமுன், கட்சியே இல்லாத காலத்தில் எழுதியது அது.

அதைவிட வலுவான சாட்சி இரண்டாம் வங்கிக்கு அடுத்த ஆண்டு. அந்த வங்கி அரசுக்குக் கொடுத்த 15 லட்சம் டாலரைச் சாலை, கால்வாய்களுக்கு ஒதுக்கும் மசோதாவைத் தென் கரோலினா உறுப்பினர் கால்ஹூன் கொண்டுவந்தார். காங்கிரஸ் நிறைவேற்றியது, மேடிசனின் சொந்தக் கட்சிக்குத்தான் அதில் பெரும்பான்மை. சாலைகளும் கால்வாய்களும் வேண்டும் என்று மேடிசனே காங்கிரஸிடம் கேட்டிருந்தார். இருந்தும் 1817 மார்ச் 3 அன்று, பதவியின் கடைசி நாளில், வீட்டோ செய்தார். திட்டம் நல்லது, அதற்கான அதிகாரம் சாசனத்தில் இல்லை, திருத்தம் கொண்டுவாருங்கள் என்பதே காரணம். இனி தேர்தல் இல்லை, எதிர்க்கட்சி படுத்துவிட்டது, தமக்குப் பிடித்த திட்டம் வேறு. வெறும் சந்தர்ப்பவாதி இதைச் செய்திருக்க மாட்டார். வங்கிக்கு இருபது ஆண்டு வழக்கம் இருந்தது, கால்வாய்க்கு இல்லை. இந்த வேறுபாடு சரியா என்று நீங்கள் சண்டை போடலாம், நானும் முழுக்க ஏற்கவில்லை. ஆனால் வேறுபாடு இருக்கிறது.

அடிமை முறையைச் சொல்லாமல் இந்தப் பதில் நேர்மையாக இராது. 1820களில் தொடர்பு வெளிப்படை. 1824இல் சாலை மசோதா விவாதத்தில் வர்ஜீனியாவின் ஜான் ராண்டால்ஃப், இந்த அதிகாரம் காங்கிரஸுக்கு இருந்தால் நாட்டிலுள்ள அடிமைகள் அத்தனை பேரையும் விடுவிக்கும் அதிகாரமும் இருக்கும் என்று ஒளிவுமறைவில்லாமல் சொன்னார். 1791 வங்கி விவாதத்திலும் இதே பயம் உள்ளே ஓடியதா? முந்தைய ஆண்டுதான் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் ஃப்ராங்க்ளின் தலைமையிலான பென்சில்வேனிய அடிமை ஒழிப்புச் சங்கமும் அடிமை முறைக்கு எதிராக மனு கொடுத்து, தெற்கு உறுப்பினர்கள் சபையில் கொதித்திருந்தார்கள். எனவே நினைக்க இடமுண்டு. ஆனால் மேடிசனின் வங்கி உரையில் அதற்கு நேரடிச் சான்று இல்லை. 1824ஐ எடுத்து 1791க்குள் வைப்பவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

கடைசியாக, 1819இல் இரண்டாம் வங்கி செல்லுமா என்று வந்த மக்கல்லக் எதிர் மேரிலாந்து வழக்கில் தலைமை நீதிபதி மார்ஷல் தீர்த்துவிட்டாரே என்று கேட்டிருந்தீர்கள். தீர்ப்பு ஒருமனதானது, வாதம் பெரும்பாலும் ஹாமில்டனின் 1791 குறிப்பு. ஆனால் விவகாரம் அதோடு முடியவில்லை. வர்ஜீனிய நீதிபதி ஸ்பென்சர் ரோன் பத்திரிகையில் தாக்கி எழுத, மார்ஷலே புனைபெயரில் பதில் எழுத வேண்டியதாயிற்று. வங்கியை ஏற்ற மேடிசனுக்கே அந்தத் தீர்ப்பின் தாராளமான வாதம் பிடிக்கவில்லை என்பது அவர் ரோனுக்கு எழுதிய கடிதத்தில் தெரியும். 1832இல் ஆண்ட்ரூ ஜாக்சன், நீதிமன்றம் சொன்னது என்னைக் கட்டுப்படுத்தாது என்று வங்கியின் புதுப்பிப்பை வீட்டோ செய்தார். அதே ஆண்டில் தென் கரோலினா 1798 தீர்மானங்களைக் காட்டி மத்தியச் சட்டத்தைச் செல்லாததாக்கியது. அதற்கு முன்பே, தாம் அப்படிச் சொல்லவில்லை, ஒரு மாநிலம் தனியாக அப்படிச் செய்ய முடியாது என்று 80 வயதை நெருங்கிய மேடிசன் எழுதியிருந்தார். அவரைப் பொறுத்தவரை அது சரி. கென்டக்கி தீர்மானத்துக்கு ஜெஃபர்சன் எழுதிய கையெழுத்து வரைவில் செல்லாததாக்கும் உரிமை பச்சையாகவே இருந்தது, அதை மேடிசனால் எளிதாக விளக்க முடியவில்லை.

ஆவணங்களை நீங்களே படித்து முடிவு செய்ய விரும்பினால் மூன்று போதும், மூன்றும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஜெஃபர்சனின் 1791 வங்கிக் குறிப்பு, அதற்கு ஹாமில்டனின் பதில், மேடிசனின் 1817 வீட்டோச் செய்தி. ஹாமில்டனுடையது நீளம், ஒரே உட்காரலில் முடியாது. வீட்டோச் செய்தி இரண்டு பக்கம்தான். அதிலிருந்து தொடங்குங்கள்.